வத்தல் மண்டியில் அலைந்த கேள்வி

வேலாங்குறிச்சியில் யாருக்கும் ஒரு பேச்சை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற பழக்கம் கிடையாது. கடைத்தெரு நெடுக மிளகாய் வத்தல் மண்டிகள், மண்டிக்குள் ஆள் உயரத்துக்குச் சிவந்த குவியல்கள், குவியலைச் சுற்றி மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு காம்பு கிள்ளும் பெண்கள், காற்று திரும்புகிற பக்கமெல்லாம் நெடி. அதனால் தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளை தும்முவார், துக்க வீட்டில் அழுகிறவள் நடுவில் நிறுத்தித் தும்மிவிட்டு விட்ட இடத்திலிருந்து அழுவாள், பிரசங்கம் செய்கிற பாதிரியார் ஆண்டவருடைய பெயரில் பாதியைச் சொல்லிவிட்டு மீதிக்குக் காத்திருப்பார். இதற்காகவே அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தும்மல் முட்டிக்கொண்டு வருகிறவர் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கை இறங்குகிறவரை எதிரில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. மண்டி ஏலத்தில் இது சட்டத்துக்கும் மேல்: கை உயர்ந்திருக்கும்போது விலை நகராது, அவசரப்பட்டுக் கூவினவருக்கு அன்றைக்குச் சரக்கு இல்லை.

ஆகவே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கேள்விகள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறி ஊர்க்காரர்களின் வாயில் வந்து உட்கார ஆரம்பித்தபோது, ஊர் அதை இன்னொரு விதமான தும்மல் என்றுதான் எடுத்துக்கொண்டது.

கவலைப்பட்டவர் ஒருவர்தான். புனிதவதி டீச்சர். அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறவர். எட்டாம் வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்மார்ட் போர்டை இந்த அலுவலகம், அந்த அலுவலகம் என்று வருஷக்கணக்காக நடையாய் நடந்து வாங்கி வந்தவரும் அவரேதான். நெடி பிடித்த நான்கு சுவர்களுக்குள் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருக்கிற தன் பிள்ளைகள் ஒரு இதயம் துடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், நிலா தேய்வதை விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனி மாதத்தில் போர்டு வந்தது. பிள்ளைகள் பார்த்தார்கள், தேய்த்தார்கள், இதயம் துடித்தபோது தங்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த முதல் வாரத்தில் புனிதவதிக்குக் கால் தரையில் பாவவில்லை.

போர்டுக்குக் காதும் இருந்தது. ஒரு பிள்ளை எழுந்து "டீச்சர், மீனு..." என்று இழுப்பதற்குள், போர்டு தன் இனிமையான பெண் குரலில் "நீங்கள் கேட்க நினைத்தது: மீன் எவ்வாறு சுவாசிக்கிறது?" என்று கேள்வியை முடித்து வைத்து, அதற்கு விடையும் சொல்லி, செவுள்களை நீலமும் சிவப்புமாக விரித்துக் காட்டிவிடும். கேட்க வந்த பிள்ளை, தான் கேட்க வந்தது அதுவல்ல என்று தெரிந்தும், இவ்வளவு அழகான பதிலுக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிடும்.

அப்படி ஒரு நாள் காலை சுந்தரபாண்டி என்ற பையன் உட்கார்ந்த அதே நேரத்தில்தான், கடைத்தெருவில் மண்டி முதலாளி சீனி ராவுத்தர், ஏலத்தில் குவிண்டாலுக்கு விலை கூவிக்கொண்டிருந்தவர், கூவலை நிறுத்தி, சுற்றி நின்ற வியாபாரிகளைக் ஒரு குழந்தை பார்ப்பது போலப் பார்த்து, "மீன் தூங்குனா அது கனவுல தண்ணி வருமா, தரை வருமா?" என்று கேட்டார்.

வியாபாரிகள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ராவுத்தர் மறுபடி விலை கூவ வாயெடுத்தார். மறுபடியும் மீன்தான் வந்தது. மூன்றாம் தடவை ஒரு லாரி டிரைவர் பொறுக்க மாட்டாமல், "தரைதான் பாய் வரும். நமக்குக் கனவுல தண்ணி வர்ற மாதிரி" என்றார். ராவுத்தரின் தொண்டை தெளிந்தது. விலை விட்ட இடத்திலிருந்து ஏறியது.

அதற்குப் பிறகு அது தினப்படி ஆகிவிட்டது. ஆள் யாராக இருந்தாலும் வாய்க்குள் ஒரு கேள்வி வந்து உட்காரும். மனசுக்கு ஒப்புகிற பதில் கிடைத்தால் இறங்கிப் போகும், கிடைக்காவிட்டால் பக்கத்து ஆள் வாய்க்குத் தாவும். ஊர் இதற்கு ஏற்பாடுகள் செய்துகொண்டது. "கேள்வி எறங்கிருக்கு, கொஞ்சம் நில்லுங்க" என்று கடன் கேட்க வந்தவர்களை நிறுத்தி வைத்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பதில் சொல்லத் தெரிந்த ஒருவரையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா ஒரு திருடனை அதட்டும்போது "பூஜ்யத்துக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டுவிட, திருடன் யோசித்து, "ஆசை இருந்துச்சுய்யா" என்றானாம், ஏட்டையா அவனை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்ததாகப் பேச்சு. பஸ் ஸ்டாண்டு டீக்கடை வெள்ளைச்சாமிக்கு வியாபாரம் இரட்டிப்பானது, பதில்கள் அங்கேதான் நிறையக் கிடைத்தன என்பதால்.

புனிதவதி மட்டும் அந்தக் கேள்விகள் காதில் விழும்போதெல்லாம் அவை யாருடையவை என்று யோசித்தார். அவருக்கு ஆள் தெரிந்தது. மீன் கனவு சுந்தரபாண்டியுடையது. பூஜ்யம், கடைசி பெஞ்சு ஆயிஷாவுடையது. அவள்தான் எதற்கும் முன்னாடி என்ன என்று கேட்பாள். வகுப்பிலோ அவர்கள் குளித்துத் தலைசீவின மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், போர்டைப் பார்த்தபடி, தலையாட்டியபடி.

"பிள்ளைங்க கேள்வி கேக்குறதையே நிறுத்திட்டாங்க சார்" என்றார் புனிதவதி, தலைமையாசிரியர் அந்தோணிச்சாமியிடம்.

"எல்லாம் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்மா. இதுக்கெல்லாமா ஒருத்தர் கவலைப்படுவாங்க? ஆடி கடைசியில மாவட்டத்துலேர்ந்து பார்வையிட வர்றாங்க. நம்ம வகுப்பைத்தான் மாதிரி வகுப்புன்னு காட்டணும். நீங்க போயி அந்தக் கண்ணாடியில இருக்குற கைரேகையெல்லாம் தொடைங்க."

ஆடிக் காற்று தொடங்கி, ஊர் முழுக்கக் கண் எரிந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், புனிதவதி வெள்ளைச்சாமி கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டவுன் பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர், அதை எடுத்துவிட்டுச் சொன்னார்: "பதிமூணு வயசைப் பதினெட்டுன்னு எழுதிட்டா, நடுவுல இருக்குற அஞ்சு வருஷம் எங்க போகும்?"

கடை கலகலத்தது.

"பென்ஷன் ஆபீசுக்குப் போகும்யா, எங்க போகும்!"

"என் பொண்டாட்டி வயசுல குறையிற அஞ்சு வருஷம் இதுதான் போலருக்கு. இப்பத்தானே தெரியுது!"

"பாங்குல போட்டிருந்தா வட்டியோட வரும், விடுய்யா, விசில ஊது."

கண்டக்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு விசிலை ஊதப் போனார். வாய் மறுபடி அதையே கேட்டது. எல்லாப் பதிலையும் சொல்லிப் பார்த்தார்கள். எதற்கும் அது இறங்கவில்லை. பஸ் ஆட்களோடு நின்றது. கடைசியில் கேள்வி பூக்காரி வாய்க்குத் தாவிய பிறகுதான் பஸ் கிளம்பியது. அவள் முழத்துக்கு ஒரு தடவை அதையே கேட்டுக்கொண்டு தெருவுக்குள் போனாள்.

புனிதவதியின் கையில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. மற்றவர்களுக்கு அது விடுகதை. அவருக்கு அது விடுகதை அல்ல. எட்டாம் வகுப்பில் எல்லாருக்கும் பதிமூன்று வயது. பதிமூன்றைப் பதினெட்டு என்று எதற்காக எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்து ஊர்களில் எந்தக் கல்யாண மண்டபத்துக்காரருக்கும் தெரியும். தன் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு யாரோ வயதை மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பெண் அதைக் கேட்க எழுந்திருக்கிறாள். எழுந்த பெண்ணின் வாயிலிருந்து போர்டு பாதியைப் பிடுங்கி, வேறொன்றாக முடித்து, பதிலும் சொல்லி உட்கார வைத்திருக்கிறது. எந்த நாள், எந்தப் பாடம்? தான் அப்போது எந்தப் பக்கம் திரும்பி நின்றோம்?

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது பெண்பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். இப்போதெல்லாம் வாயே திறக்காத ஆயிஷாவை இரண்டு தடவை கேட்டார். "இல்ல டீச்சர்" என்றாள். எல்லாரும் "இல்ல டீச்சர்" என்றார்கள். போர்டு லீடர் மதுபாலா மட்டும், போர்டின் பேனாவைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவள், வகுப்பிலேயே அதிகம் சிரிக்கிறவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குத்தான் டீச்சர் கல்யாணம். மாப்பிள்ளை நம்ம போர்டு. பத்திரிகை அடிச்சாச்சு!"

சுற்றி நின்ற பிள்ளைகள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். புனிதவதியும் சிரித்தார். சந்தேகத்திலிருந்து அவளை விலக்கினார்.

வேறு வழி தெரியாமல் எல்லாரும் போன பிறகு போர்டிடமே கேட்டார். போர்டு ஒரு கணம் சுழன்றது. "உங்கள் கேள்வியில் பிழை உள்ளது. நீங்கள் கேட்க நினைத்தது: பதினெட்டிலிருந்து பதிமூன்றைக் கழித்தால் என்ன கிடைக்கும்? விடை: ஐந்து. மிக நன்று!" ஐந்து மஞ்சள் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கைதட்டும் ஓசை காலி பெஞ்சுகளின் மேல் விழுந்தது.

கேள்வி ஊரைச் சுற்றியது. தடுப்பூசி போட வந்த நர்ஸ், ஊசியைக் கையில் பிடித்தபடி கேட்டார். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது மைக் பிடித்தவர் கேட்க, குழாய் ஒலிபெருக்கி அதை நாலு தெருவிலும் கேட்டது. ஊருக்குப் பழகிப்போயிற்று; பிள்ளைகள் அதை ராகம் போட்டுக் கயிறு தாண்டினார்கள். பிறகு அதன் பின்னாலேயே தங்கச்சி மாதிரி இன்னொன்று வந்தது. சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "ஆவணி இந்த வருஷம் மட்டும் சீக்கிரமா வந்துருமா?"

காலண்டரைப் பார்த்துத் தேதி சொன்னார்கள். அதற்கும் அது இறங்கவில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்தால் முகூர்த்தம். புனிதவதி ஆவணிக்கு மிச்சமிருந்த நாட்களை எண்ணினார். சாயங்காலம் ஆனால் வீடு வீடாகப் போனார். எந்த வீட்டிலும் பெண்பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். எல்லா அம்மாக்களும் காப்பி கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் எதையோ மறைக்கிற மாதிரியும் இருந்தது, எதையும் மறைக்காத மாதிரியும் இருந்தது. மதுபாலா வீடு பூட்டியிருந்ததால் அவளுடைய அம்மா இருளாயியைத் தேடி ராவுத்தர் மண்டிக்கே போனார். டீ நேரம். காம்பு கிள்ளுகிற பெண்கள் எல்லாரும் முகத்துணியை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருளாயி மட்டும் துணியை அவிழ்க்காமல், டம்ளரைப் பக்கத்தில் வைத்தபடி கிள்ளிக்கொண்டே இருந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இருளாயி அக்கா ஆடி பொறந்ததிலேர்ந்து துணிய அவுக்குறதே இல்ல டீச்சர்" என்றாள் பக்கத்திலிருந்தவள். "தூங்கும்போதும் கட்டிக்கிருவாளாம். கேள்வி உள்ள போயிருமாம்!"

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் ஏலத்தில் ஒரு கிழட்டு வியாபாரி கையைத் தூக்கினார். மண்டி அப்படியே நின்றது. தராசு நின்றது, மூட்டை தூக்கினவன் மூட்டையோடு நின்றான், ராவுத்தரின் வாய் பாதி விலையில் திறந்தபடி நின்றது. தும்மல் வருவதாக இல்லை. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைச் சுருக்கி அதைத் தேடிக்கொண்டிருந்தார். யாரும் "வந்துருச்சா?" என்று கேட்கவில்லை. யாரும் அவருக்காகத் தும்மவும் இல்லை. அந்த இரைச்சல் பிடித்த ஊரில் இவ்வளவு பெரிய அமைதி இருக்கிறது என்பதைத் தினமும் பார்த்த புனிதவதி, அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது போல நின்றார். என் வகுப்பில் இது இல்லையே என்று நினைத்தார். ஒரு விநாடி கூட இல்லையே.

மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் ஆடி கடைசி வெள்ளிக்கிழமை வந்தார்கள். அதிகாரி அம்மா ஒருவர், வீடியோ எடுக்கிறவர் ஒருவர். தலைமையாசிரியர் புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். மதுபாலா பேனாவால் தொட, சூரிய மண்டலம் சுழன்றது. பிள்ளைகள் சரியான இடத்தில் ஆச்சரியப்பட்டார்கள்.

"பிள்ளைங்க போர்டுகிட்ட கேள்வி கேக்குறதை எடுத்துக்கலாமா?" என்றார் அதிகாரி அம்மா.

"யாராவது கேளுங்க" என்று சொல்லத்தான் புனிதவதி வாய் திறந்தார். வந்தது அதுவல்ல. இத்தனை நாள் ஊரெல்லாம் சுற்றிய கேள்வி, பஸ்ஸில் ஏறி, கூழ்ப்பானையைத் தாண்டி, ஊசி முனையில் நின்று, கடைசியாக அவர் தொண்டைக்கு வந்திருந்தது. நாக்கில் சின்னதாக, ஈரமாக, பறவைக்குஞ்சு மாதிரி அது உட்கார்ந்திருப்பதை அவர் உணர்ந்தார். "பதிமூணு வயசை..." என்று ஆரம்பித்துவிட்டார். போர்டு உடனே, "நீங்கள் கேட்க நினைத்தது..." என்று எழுந்தது.

புனிதவதி கையைத் தூக்கினார்.

வத்தல் ஊர்ப் பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உதடு, கால், பெஞ்சு எல்லாம் நின்றன. தலைமையாசிரியர் கைக்குட்டையோடு நின்றார். அதிகாரி அம்மா டீச்சருக்குத் தும்மல் போலிருக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தார். போர்டு மட்டும் வெளியூர். "நீங்கள் கேட்க நினைத்தது என்ன?" என்றது. யாரும் வாய் திறக்கவில்லை. "மீண்டும் முயலவும்" என்றது. வீடியோ எடுக்கிறவர் அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். புனிதவதி கையை இறக்கவில்லை. தோள் கடுத்தது. இந்தக் கை வெறுமனே இறங்கிவிட்டால் ஆவணி வந்துவிடும் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. போர்டு இன்னும் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, எந்தச் சத்தமும் காதில் விழாததால், தன்னுடைய கோள்களோடு மெல்ல மங்கி இருட்டாகியது. இருட்டான கண்ணாடியில் வகுப்பு தெரிந்தது.

அந்தக் கண்ணாடிக்குள் ஒரு கை உயர்வதைத்தான் புனிதவதி முதலில் பார்த்தார். கழுத்தில் பேனா தொங்கியது.

புனிதவதியின் நாக்கில் இருந்த குஞ்சு பறந்து போனது. மதுபாலா சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். அவளுக்கு வேறு முகம் பழக்கமில்லை.

"டீச்சர், எனக்குப் பதிமூணு. பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் சென்டர்ல பதினெட்டுன்னு மாத்திட்டாங்க. ஒரு நிமிஷந்தான் ஆச்சு. அந்த அண்ணன் ஒரு எழுத்த அழிச்சிட்டு வேற ஒண்ண அடிச்சாரு, அவ்வளவுதான்." சிரிப்பு எங்கேயோ நின்றுவிட்டது. "அந்த அஞ்சு வருஷம் எங்க டீச்சர் போகும்? நான் ஒன்பதாவது, பத்தாவதெல்லாம் படிக்கிறதா இருந்துச்சே, அதுலதானே இருக்கு?"

அதிகாரி அம்மா போனை எடுத்துக்கொண்டு, வீடியோக்காரரிடம் "அதை அணைங்க" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போனார். வெளியே அவர் யாரிடமோ ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் திருத்தமாகச் சொல்வது கேட்டது.

"தெரியலடா" என்றார் புனிதவதி. கையை இறக்கினார். "அது போறதுக்குள்ள பிடிக்கணும். வா."

இருவரும் கடைத்தெருவுக்குள் நடந்தபோது, ஊரில் யார் வாயிலும் எந்தக் கேள்வியும் இல்லை. எல்லாரும் தங்கள் தங்கள் பேச்சையே பேசிக்கொண்டிருந்தது கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. ராவுத்தர் மண்டியில் ஏலம் உச்சத்தில் இருந்தது. பள்ளிக்கூட நேரத்தில் மகளையும் டீச்சரையும் சேர்த்துப் பார்த்த இருளாயி, கிள்ளிக்கொண்டிருந்த வத்தலைக் கீழே போடாமலே எழுந்து நின்றாள்.

"ஆபீசரம்மா போன் பண்ணிட்டாங்க. ஆளுங்க வந்துக்கிட்டிருக்காங்க" என்றார் புனிதவதி. "அவங்க வந்து நிறுத்துறதுக்கு முன்னாடி இந்தக் கல்யாணத்த நீயே நிறுத்து இருளாயி."

இருளாயி மகளைப் பார்த்தாள். பிறகு பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். இத்தனை நாள் துணிக்குள் இருந்த வாயும் மூக்கும் வேறு யாருடையதோ போல வெளுத்திருந்தன.

"அவளைத் தனியா விட்டுட்டு வேலைக்கு வர பயமா இருந்துச்சு டீச்சர். கட்டிக் குடுத்துரலாம்னு என் தம்பிதான் சொன்னான். கைநாட்டு வச்சது நான்தான். நிறுத்திர்றேன். இப்பவே சொல்லி நிறுத்திர்றேன்."

சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை. உள்ளங்கையைத் தூக்கினாள்.

ராவுத்தர் விலையை நிறுத்தினார். மண்டி நின்றது. தும்மலுக்குக் காத்திருந்தார்கள்.

"எனக்கும் இப்படித்தான் எழுதுனாங்க" என்றாள் இருளாயி. "அப்ப பேனாவுல எழுதுனாங்க. அந்த வருஷமெல்லாம் எங்க போச்சு டீச்சர்?"

மதுபாலா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். இருளாயியின் கை இறங்கவில்லை. குவியலுக்கு அந்தப் பக்கம் காம்பு கிள்ளுகிறவர்களில் மூத்தவள் ஒருத்தி தன் முகத்துணியை இறக்கிவிட்டுக் கையைத் தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும். பிறகு சல்லடைக்காரி. பிறகு வாசலில் தராசுக்கு மூட்டை கட்டுகிறவள். மிளகாய் நிறம் ஏறிய உள்ளங்கைகள் சிவப்புக் குவியலைச் சுற்றி ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

அன்றைக்கு வேலாங்குறிச்சியில் வத்தல் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.